மழைக்காலமும் பித்தளைக் கோதும்

பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில், படைக் களஞ்சியங்களிலிருந்த துப்பாக்கி ரவைகளை ஒரு விசித்திர நோய் பீடித்தது. எவரும் அவற்றைச் சுடவில்லை. ஆயினும், மழைக்காலம் கழிந்து பெட்டியைத் திறந்தால் பித்தளைக் கோதுகள் பிளந்து கிடந்தன. பருவத்தோடு வந்ததால் 'பருவப் பிளவு' என்று பெயரிட்டார்கள். காரணம் தெரியாதபோது பெயர் சூட்டுவது நிர்வாகங்களுக்கு என்றுமே கைவந்த கலைதான்!

மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவரும் 1921 இல் வெளியிட்ட ஆய்வு உண்மையைத் துலக்கியது. ரவைகள் குதிரை லாயங்களை அண்டி வைக்கப்பட்டிருந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, ஈரக்காற்றோடு கலந்து பித்தளையைத் தாக்கியிருக்கிறது. ஆனால் பழி முழுவதும் குதிரைகளுடையதன்று. 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த தகட்டைச் சூடாக்காமலே இழுத்துக் கோதாக வடிக்கும்போது, உலோகத்தினுள் ஒரு முறுக்கம் தங்கிவிடுகிறது. அமோனியா பட்டதும் அந்த இடத்தில்தான் பிளவு ஓடியது. அளவான சூடு காட்டி அம்முறுக்கத்தைத் தளர்த்துவதே பரிகாரமாயிற்று.

சுட்ட கோதில் மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்துவோர் இன்றும் கழுத்துப் பகுதிக்கு மட்டும் சூடு காட்டுகிறார்கள். ஒவ்வொரு சூட்டிலும் விரிந்து, மறுபடி அச்சில் நெருக்குண்டு இறுகிப்போகும் பித்தளை அதனால் இளகுகிறது. கோதின் ஆயுள் நீள்கிறது. அடிப்பாகத்துக்குச் சூடு ஏறவே கூடாது. வெடியமுக்கத்தைத் தாங்குவது அதுவே. இராணுவ ரவைகள் பலவற்றின் கழுத்தில் தெரியும் மங்கிய நிறம் அச்சூட்டின் தடம். கடைகளில் விற்கும் ரவைகளில் பளபளப்புக்காக அதைத் துலக்கி அழித்துவிடுகிறார்கள்.