கதவு மூடிய வயசு

1978க்கு முன் தமிழ்நாட்டில் எஸ்.எஸ்.எல்.சி. பதினொரு வருஷப் படிப்பு. கணக்கில் ரெண்டு வகை: ஜெனரல், காம்போசிட். ஜெனரலில் பெரும்பாலும் வட்டி, லாப நட்டம். அல்ஜீப்ரா ஆழமாக வருவது காம்போசிட்டில்தான். அது இல்லாதவனுக்கு பி.யூ.சி.யில் கணக்கு குரூப் இல்லை, இன்ஜினீயரிங்கும் இல்லை.

1971இல் புதுமடத்திலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். வாத்தியார் என்னைக் கேட்கவில்லை. “ஒனக்கு ஜெனரல் போதும்டா, பாஸ் பண்ணிருவே” என்று எழுதிக்கொண்டார். காலனிப் பிள்ளைகள் எல்லாருமே அந்தப் பக்கம்தான். “வாத்தியாரு நல்லதுக்குத்தானே சொல்லுவாரு” என்றார் எங்கய்யா.

செண்பகம் துரைராசன் வழக்குக்குப் பின் 1951இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கல்லூரி இடஒதுக்கீட்டைக் காப்பாற்றினார்கள். இன்ஜினீயரிங் காலேஜில் நமக்கும் இடம் இருந்தது. ஆனால் பதினாலு வயசிலேயே பாதையை அடைத்துவிட்டால் அந்த வாசல்வரை யார் போவது?

அமெரிக்காவில் இதைப் புரிந்தவர் பாப் மோசஸ். 1960களில் மிசிசிப்பிக் கறுப்பர்களை வாக்காளராகப் பதியப் போராடி அடிபட்டவர். 1982இல் அல்ஜீப்ரா திட்டம் தொடங்கினார். ஓட்டு மாதிரியே அல்ஜீப்ராவும் உரிமை என்பது அவர் வாதம்.

இப்போது பத்தாவதுவரை எல்லாருக்கும் ஒரே கணக்கு. பிரிப்பது பதினொன்றாவதில், ‘குரூப்’ என்ற பேரில். “ஒனக்கு இது போதும்” என்ற குரல் இன்னும் ஓயல. சேர்க்கை நாளில் நம்ம பிள்ளை பக்கத்தில் நாம் நிற்கணும்.