சாமியார் வராத ஞாயிறுகள்

ஆப்பிரிக்கக் கிராமத்தில் கத்தோலிக்கப் பங்கு எப்படி உருவானது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கப்பலேறி வந்த ஐரோப்பியக் குருவிடமிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாடுபட்ட ‘வெள்ளைத் தந்தையர்’ சபையை 1868இல் அல்ஜியர்ஸில் நிறுவிய கர்தினால் லவிஜெரி, ஒவ்வொரு பணித்தளத்திலும் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்று விதி வகுத்திருந்தார். பேனா குருவின் கையில் இருந்தது. ஏடு முழுக்க அவரே தென்படுகிறார். ஆனால் ஏட்டுக்கு வெளியே, மாதத்துக்கு ஒருமுறைகூட குரு வந்துசேர முடியாத ஊர்களில், ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி ஜெபம் நடத்தியது யார்? சாகக்கிடந்தவருக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தது யார்? உபதேசியார்தான். இவர் குருவுக்கு உதவியாக வந்த ஆள் என்று சொல்வது வரலாற்றைத் தலைகீழாக்குவது. கிராமப் பங்கைக் கட்டியவர் உபதேசியார். குரு அங்கே வந்துபோன விருந்தாளி. இந்தக் கட்டுரையில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதல் சான்று உகாண்டாவில் கிடைக்கிறது. வெள்ளைத் தந்தையர் சபையின் லூர்தெல் அடிகளும் சகோதரர் அமான்ஸும் 1879 பிப்ரவரியில் புகாண்டா நாட்டுக்கு வந்தார்கள். 1882 நவம்பரில் குருக்கள் எல்லோரும் விக்டோரியா ஏரிக்குத் தெற்கே பின்வாங்கிவிட்டார்கள். திரும்பி வந்தது 1885 ஜூலையில். இடையில் ஏறக்குறைய இரண்டேமுக்கால் ஆண்டு, நாட்டில் ஒரு குருவும் இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. புதிதாக முளைத்த விசுவாசம் கருகிப்போயிருக்க வேண்டிய காலம் அது. நடந்தது வேறு. தலைநகரிலிருந்து மேற்கே ஒதுங்கியிருந்த மித்யானா வட்டாரத்தில் மத்தியாஸ் காலெம்பா, லூக்கா பனபாகிந்து என்ற இருவர், தாங்களே ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்த நிலையில், அக்கம்பக்கத்தாருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களிடம் கற்றவர்களில் ஒருவர் நோவா மவகாலி, மண்பாண்டம் வனைகிறவர். குருக்கள் திரும்பியபின், 1885 நவம்பரில்தான் அவருக்கு ஞானஸ்நானம். அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் மன்னன் முவாங்காவின் ஆட்கள் அவரை மித்யானாவிலேயே ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். ஒரு குயவர் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு ஊன்றிய விசுவாசத்தை அவருக்குள் விதைத்தவர்கள் இல்லறத்தார். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர்களாக அறிவித்த 22 உகாண்டா மறைசாட்சிகளில் குரு ஒருவர்கூட இல்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

உபதேசியாரின் அன்றாடம் எப்படி இருந்தது என்பதற்கு வட உகாண்டாவின் பைமோல் கிராமம் நல்ல சாட்சி. 1917 தொடக்கத்தில் அங்கிருந்த உபதேசியார் இறந்துபோக, அந்த இடத்துக்குத் தாவூதி ஒகேலோ என்ற இளைஞன் தானாக முன்வந்தான். இருபது வயதுகூட நிரம்பாதவன். துணைக்கு ஜில்டோ இர்வா என்ற சிறுவன். விடியலில் தாவூதி முரசு கொட்டுவான். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் காலை ஜெபத்துக்குக் கூடுவார்கள். ஜெபங்களையும் ஞானோபதேசக் கேள்வி பதில்களையும் பிள்ளைகள் எளிதில் மனப்பாடம் செய்யப் பாட்டாகவே சொல்லிக்கொடுப்பார்கள். பகலில் மாடு மேய்க்கும், வயலில் நிற்கும் பிள்ளைகளைத் தேடிப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போவார்கள். பொழுது சாய்ந்ததும் ஜெபமாலை, மாதா பாட்டு. ஒரு பங்குக்கு வேண்டிய எல்லாமே, பூசையும் பாவசங்கீர்த்தனமும் தவிர, அங்கே இருந்தது. 1918 அக்டோபரில் இருவரும் ஈட்டியால் கொல்லப்பட்டார்கள். ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று எச்சரித்தும் போக மறுத்தவர்கள் அவர்கள்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். உபதேசியார் காலனி ஆட்சியின் கையாள்தானே என்பார்கள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பைமோல் கொலையின் பின்னணியிலேயே, ஆங்கில நிர்வாகம் உள்ளூர்த் தலைமையில் தலையிட்டதால் மூண்ட ஆத்திரம் இருந்தது. காங்கோவின் நிலை இன்னும் மோசம். மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் குவாங்கோ பகுதி இயேசு சபையார் நடத்திய ‘பண்ணைக் கோயில்’களில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்ததை, 1905இல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கையே கண்டித்தது. அது அநியாயம்; அதற்குச் சப்பைக்கட்டு கட்டக்கூடாது. ஆனால் அந்த அமைப்பு ஊரிலிருந்து பிள்ளைகளைப் பிரித்து வேலிக்குள் வைத்தது. மித்யானாவில் வேலி இல்லை, ஆங்கில ஆட்சியும் இல்லை. உகாண்டா ஆங்கிலேயப் பாதுகாப்புப் பகுதியானது 1894இல். மத்தியாஸும் நோவாவும் செத்தது ஆட்சியாளனின் கையால். அவர்களை எந்த ஆட்சியின் கையாள் என்பது? புகாண்டாவில் கத்தோலிக்கர்களும் புரொட்டஸ்டன்ட்டுகளும் மோதிய 1892 மெங்கோ போருக்குப் பின் கத்தோலிக்கர்களுக்கு என்று புட்டு மாகாணம் ஒதுக்கப்பட்டு, கத்தோலிக்கத் தலைவர்களின் செல்வாக்கில் கூட்டம் கூட்டமாக மக்கள் சேர்ந்ததும் உண்மைதான். ஆனால் தலைவனின் சொல் ஒருவனைக் கோயில் வாசல்வரைதான் கொண்டுவரும். லவிஜெரி விதித்த ஆயத்தக் காலம் நான்கு ஆண்டு. அத்தனை நாள் அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஓர் ஆள் வேண்டும்.

கத்தோலிக்கர்களே எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்றும் உண்டு: நற்கருணை இல்லாத இடம் எப்படிப் பங்காகும்? நியாயமான கேள்வி. மித்யானாக்காரர்கள் ஞாயிறு பூசைக்காகத் தலைநகர்வரை நடந்தே போனவர்கள். பூசையின் அருமை அவர்களுக்குத் தெரியும். ஆனால் குருப் பஞ்சம் இயற்கையாக வந்ததல்ல. பல ஆண்டு குருமடப் படிப்பும் மணத்துறவும் கட்டாயம் என்ற திருச்சபையின் முடிவால் வந்தது. முதல் இரு புகாண்டா குருக்கள் வில்லா மரியாவில் திருநிலைப்படுத்தப்பட்டது 1913இல், லூர்தெல் வந்து 34 ஆண்டுகளுக்குப் பிறகு. உகாண்டாவின் மசாக்காவில் குருவாகப் பணியாற்றிய வரலாற்றாசிரியர் ஏட்ரியன் ஹேஸ்டிங்ஸ், மணமானவர்களையும் குருவாக்கலாம் என்று 1960களிலேயே வாதிட்டார். ரோமாபுரி செவிசாய்க்கவில்லை. ஆகவே நற்கருணை இல்லாத குறையை உபதேசியார் தலையில் ஏற்றுவது சரியல்ல.

உபதேசியாருக்கு விழுந்த உண்மையான அடி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1928இல் ரோமையின் பார்வையாளராக வந்த ஆயர் ஆர்தர் ஹின்ஸ்லி தாருஸ்ஸலாமில் குருக்களிடம் பேசும்போது, கோயில், பள்ளி இரண்டையும் கவனிக்க முடியாத இடத்தில் கோயிலை விட்டாவது பள்ளியைச் சீர்செய்யுங்கள் என்றார். அரசு மானியம் பள்ளிக்குத்தான் கிடைக்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. அதுவரை பல ஊர்களில் உபதேசியாரே வாத்தியார். இனி, பயிற்சியும் சான்றிதழும் பெற்ற வாத்தியாருக்கு அரசு மானியத்தில் சம்பளம். உபதேசியாருக்கோ பங்கு கொடுக்கும் சொற்பக் காசு. கெட்டிக்காரப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள்? படிப்பு முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பணத்தை மட்டும் பார்த்து எடுத்த முடிவு, ஊரில் உபதேசியாருக்கு இருந்த மதிப்பையே குறைத்துவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஆனாலும் பொதுநிலையினரின் பொறுப்பை மதித்த இடங்களும் இருந்தன. 1939இல் பன்னிரண்டாம் பயஸ் கையால் ஆயராகத் திருநிலை பெற்ற ஜோசப் கிவானுகா, ஆப்பிரிக்கக் குருக்களின் பொறுப்பில் முழுதாக விடப்பட்ட மசாக்காவில் மக்களே தேர்ந்தெடுக்கும் பங்குப் பேரவைகளை ஏற்படுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அங்கே அது நடைமுறையில் இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1976இல் நைரோபியில் கூடிச் சிறு கிறிஸ்தவச் சமூகங்களே திருச்சபையின் அடித்தளம் என்று முடிவெடுத்தபோது, புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. மத்தியாஸும் லூக்காவும் செய்ததற்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக நிறுவினார். இந்த அங்கீகாரம் மிகத் தாமதம், ஆனாலும் வரவேற்க வேண்டியது. பட்டமளிப்போடு அது நின்றுவிடக் கூடாது. கோயில் கட்டிடத்துக்கும் மணிக்கூண்டுக்கும் வெளிநாட்டிலிருந்து நன்கொடை திரட்டும் மறைமாவட்டங்கள், கிளைக்கோயில் உபதேசியாரின் மாதச் சம்பளத்தையும் அவர் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் தங்கள் வரவுசெலவுக் கணக்கின் முதல் வரியாக எழுத வேண்டும்.