மரப்படியும் கைபிடியும்

வீட்டின் மேற்றளத்திலே சிறு தொழிற்கூடம் ஒன்றை அமைக்க விரும்புவோர் முதலிற் கருதுவன கருவிகளும் வெளிச்சமுமே. ஆங்கு ஏறிச் செல்லும் படிக்கட்டு இறுதியிலேயே நினைவுக்கு வரும். ஆயின், மரவேலைகளுள் தச்சனுடைய அறிவைக் கடுமையாகச் சோதிப்பனவற்றுள் படிக்கட்டு முதன்மையானது. மேசையின் கால் ஒன்று குறுகினால் மேசை ஆடும். படி ஒன்று பிழைத்தால் மனிதன் வீழ்வான். ஆதலின் மரப்படியின் வரலாறு வெறும் அலங்காரத்தின் வரலாறன்று. மனித உடலின் அளவும் கேத்திரகணிதத்தின் விதியும் தச்சனுடைய கையில் ஒன்றுசேர்ந்த வரலாறே அது. அவ்வறிவு எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு எல்லார்க்கும் உரியதாயிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஐரோப்பாவிற் கிடைத்த மிகப் பழைய மரப்படிக்கட்டு அரண்மனையைச் சார்ந்ததன்று. உழைப்பாளருடைய தொழிற்களத்தைச் சார்ந்தது. அவுஸ்திரியாவிலுள்ள ஹல்ஸ்ரற் என்னும் ஊரின் உப்புச் சுரங்கத்திலே 2003 ஆம் ஆண்டில் அது கண்டெடுக்கப்பட்டது. அதன் மரங்கள் கி.மு. 1344, 1343 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை என்பதை மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அறிஞர் நிறுவினர். ஏறத்தாழ 8 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் கொண்ட அப்படிக்கட்டு, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உப்பினாற் காக்கப்பட்டுக் கிடந்தது. இரு புறமும் சாய்ந்து நின்ற நீண்ட மரங்களில் நீள்குழி வெட்டி, மிதிபலகைகளை அவற்றினுட் செருகியிருந்தனர். சுரங்கத்தின் சாய்வு இடத்துக்கிடம் மாறுபடும். அதற்கேற்ப மிதிபலகையின் சரிவையும் மாற்றத்தக்கதாக உறுப்புக்கள் அமைந்திருந்தன. சுமையோடு செல்வோனுக்கு மிதிபலகை மட்டமாக இருத்தல் வேண்டும் என்ற உண்மையை எழுத்தறியாத அத்தச்சர் நன்கு உணர்ந்திருந்தனர்.

கையில் இருந்த இவ்வறிவை நூலில் எழுதிவைத்தோருள் முற்பட்டவர், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமச் சிற்பாசிரியர் விற்றுரூவியசு ஆவர். 3, 4, 5 என்னும் அளவுகளைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணம் செங்கோணம் உடையதென்பதை எடுத்துக்காட்டி, அம்முக்கோணமே படிக்கட்டுக்கும் அடிப்படை என்று அவர் கூறினார். தளத்தின் உயரம் மூன்று பங்காயின், தரையில் நீளம் நான்கு பங்கு. சாய்ந்து நிற்கும் பக்கப்பலகை ஐந்து பங்கு. பள்ளி மாணவர் பைதகரசு தேற்றம் என்று மனனஞ் செய்வதைத் தச்சன் மரத்தில் அறுத்து நிறுத்தினான் எனலாம். கோயிற் படிகள் ஒற்றைப்பட எண்ணப்படல் வேண்டும் என்பதும் அவர் விதி. வலக்காலை முதற்படியில் வைத்து ஏறத் தொடங்குவோன், மேற்றளத்திலும் வலக்காலையே முதலில் வைப்பான் என்பது அதற்கு அவர் காட்டிய காரணம். வலக்காலை முன்வைத்து மனைபுகும் வழக்கமுடைய நம்மவர்க்கு இவ்விதி அந்நியமாகத் தோன்றாது. இத்தாலியச் சிற்பி பல்லாடியோ 1570 இல் வெளியிட்ட நூலிலும் இக்கருத்தே காணப்படுகின்றது. படியின் உயரம் ஆறு அங்குலத்துக்கு மேற்படலாகாது, நான்கு அங்குலத்திற் குறையலாகாது என்றும் அவர் வரையறுத்தார்.

ஆயினும், உயரத்துக்கும் அகலத்துக்கும் இடையிலுள்ள தொடர்பை ஒரே வாய்பாட்டில் அடக்கியவர் பிரான்சு நாட்டுப் புளொந்தெல் ஆவர். 1671 இல் பாரிசில் நிறுவப்பட்ட அரச கட்டடக்கலைக் கழகத்தின் தலைவராக விளங்கிய அவர், 1675 முதல் வெளியிட்ட தம் பாடநூலிலே மனிதனுடைய நடையையே அளவுகோலாகக் கொண்டார். சமதரையில் ஓர் எட்டு 24 அங்குலம். மேலே ஏறும்போது உயரும் ஒவ்வோர் அங்குலமும் முன்செல்லும் எட்டில் இரண்டு அங்குலத்தைக் குறைக்கும். எனவே படியுயரத்தின் இருமடங்கையும் மிதிபலகையின் அகலத்தையும் கூட்டினால் 24 அங்குலம் வருதல் வேண்டும். அவர் குறித்த பிரெஞ்சு அங்குலம் சற்று நீண்டது. 24 அங்குலம் ஏறத்தாழ 65 சதமமீற்றர் ஆகும்.

இவ்விதியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கீழ்த்தளத்திலிருந்து மேற்றளம் வரை 8 அடி 9 அங்குலம், அஃதாவது 105 அங்குலம், உயரம் எனக் கொள்வோம். அதனை 15 ஆற் பிரித்தால் ஒவ்வொரு படியும் 7 அங்குலம் உயரும். மேற்றளமே இறுதிப் படியாதலின் மிதிபலகைகள் 14 போதும். மிதிபலகை 11 அங்குல அகலமாயின், இருமடங்கு ஏழும் பதினொன்றும் கூடி 25 ஆகும். இது 63½ சதமமீற்றர். தரையிற் படிக்கட்டுக்கு வேண்டும் நீளம் 154 அங்குலம். கணக்கு இவ்வளவு எளிது. எனினும் மேற்றளத்தில் ஓரங்குலப் பலகை பின்னர் விரிக்கப்படும் என்பதைத் தச்சன் மறந்தால், கடைசிப் படி மட்டும் 8 அங்குலமாகிவிடும். பதினான்கு படிகளில் ஒரே அளவுக்குப் பழகிய கால் பதினைந்தாவதில் தடுக்கும். படிக்கட்டில் அளவின் சிறுமையைவிட அளவின் ஒவ்வாமையே பேராபத்து.

கால் வைக்கும் படியினும் கை பற்றும் சட்டமே தச்சருக்கு அரிய சிக்கலாயிற்று. இங்கிலாந்தில் 1611 இல் முடிவுற்ற ஹற்பீல்ட் மாளிகையின் பெரும் படிக்கட்டிலே கைபிடிச் சட்டம் தூணுக்குத் தூண் நேராகச் செல்லும். திரும்புமிடந்தோறும் செதுக்கிய தூண் ஒன்று அதனைத் தாங்கும். நாய்கள் மேலே ஏறாதிருக்க அப்படியின் அடியில் மரக்கதவும் அமைத்தனர். செல்வர் மாளிகையில் நிலைமை இவ்வாறாக, இலண்டனின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் வாழ்ந்த பட்டு நெசவாளர் இல்லங்களில் உச்சித்தளமே தொழிற்கூடமாயிற்று. 1685 இற் பிரான்சில் மதவுரிமை இழந்து வந்த புரட்டஸ்தாந்தர் பலர் அங்கே குடியேறினர். தறிக்கு வெளிச்சம் வேண்டியமையால் உச்சித்தளத்தில் அகன்ற சாளரங்களை அமைத்தனர். தறியும் பாவும் வைத்தபின் எஞ்சும் இடம் சிறிது. எனவே அங்குச் செல்லும் படி ஒடுங்கித் திரும்பி ஏறியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மூலைத் தூண்களை நீக்கிக் கைபிடியை இடையறாது வளைத்துச் செல்லும் வழக்கம் பரவியது. அச்சட்டம் வளைந்துகொண்டே உயரவும் வேண்டும். உருளையின் மேற் சாய்வாகச் சுற்றிய கயிற்றின் வடிவம் அது. தடித்த கட்டையைக் கண்ணளவாற் செதுக்கினால் மரமும் உழைப்பும் வீணாயின. வழியறிந்தோர் அதனைத் தொழில் மறையாகக் காத்தனர்.

இம்மறையை நூலாக்கி வெளியிட்டோருள் தலைசிறந்தவர் பீற்றர் நிக்கல்சன். 1765 இல் ஸ்கொட்லாந்திற் கற்றச்சன் ஒருவனுக்கு மகனாகப் பிறந்த அவர் பெற்ற பள்ளிக் கல்வி சொற்பமே. தளபாடத் தச்சரிடம் தொழில் பயின்று, கணிதத்தைத் தாமே கற்று, இலண்டன் சென்று சோகோப் பகுதியில் தொழிலாளருக்கு மாலைப் பள்ளி நடத்தினார். 1792 இல் தச்சருக்கான வழிகாட்டி நூலை, படங்களையும் தாமே செதுக்கி, வெளியிட்டார். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளினூடே ஒரு தளமே செல்லும். அத்தளத்தால் உருளையைச் சாய்வாக வெட்டினால் நீள்வளையம் பெறப்படும். வளைவின் தொடக்கம், நடு, முடிவு என்னும் மூன்று புள்ளிகளைக் கொண்டு அந்நீள்வளையத்தைப் பலகையில் வரைந்து அறுத்துச் சாய்த்து நிறுத்தினால், மேலிருந்து நோக்குவோர்க்கு அது வட்டமாகவே தோன்றும். தடித்த கட்டை செய்த வேலையைப் பலகை செய்தது. இத்துறைத் தொண்டுக்காக இலண்டன் கலைச் சங்கம் 1814 இல் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. முதுமையிலும் நியூகாசில் நகரிற் பள்ளி நடத்திய அவர், 1844 இற் காலமானார்.

இன்று கைபிடியின் அளவைச் சட்டமே வரையறுக்கின்றது. பிரித்தானிய விதிப்படி அதன் உயரம் 90 முதல் 100 சதமமீற்றர். குழந்தைகள் செல்லக்கூடிய கட்டடங்களிலே சிறுதூண்களின் இடைவெளியில் 10 சதமமீற்றர் விட்டமுள்ள உருண்டை நுழையலாகாது. குழந்தையின் உடல் அவ்வழியே நழுவாதிருக்கவே இவ்விதி. ஹல்ஸ்ரற் தச்சன் சுமையாளின் பாதத்தை நினைந்தான். புளொந்தெல் நடப்போன் எட்டை அளந்தார். இவ்விதியை வகுத்தோர் குழந்தையைக் கருதினர்.

தம் வீட்டுத் தொழிற்கூடத்துக்குப் பத்துப் பதினைந்து படிகளைத் தாமே அமைப்பவர், இத்தனை பேருடைய அறிவையும் பயன்கொள்கின்றார். கைத்தொழில் வேறு, கல்வி வேறு என்று பிரிப்போர் நிக்கல்சனின் வாழ்வைக் கருத்தில் இருத்துதல் நன்று. பட்டறையில் எழுந்த வினாவுக்குக் கேத்திரகணிதத்தில் விடை கண்டு, அவ்விடையை மாலைப் பள்ளியிலும் நூலிலும் பிறர்க்கு வழங்கிய ஆசிரியர் அவர். மறைத்து வைத்த அறிவு ஒரு வீட்டின் படியாகும். கற்பித்த அறிவோ பல தலைமுறைகள் ஏறும் படியாகும்.