குருவில்லாத முப்பது ஆண்டுகள்

திருவருட்சாதனங்கள் ஏழு என்று மறைக்கல்வி வகுப்பில் படித்த எவரும் ஒப்புவிப்பர். எங்கள் பாட்டன்மார் அவற்றைத் தேவதிரவிய அனுமானங்கள் என்றனர். ஒரு பங்கின் வாழ்வில் அவை பெறும் இடத்தை, அவை கிடைக்காமற் போன காலத்தைக் கொண்டே நன்கு அறியலாம். யாழ்ப்பாணத்துக்கு அத்தகைய காலம் ஒன்று இருந்தது.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயக் குருமார் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. 1687 இல் கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் வந்திறங்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இங்கு நிலையாகத் தங்கிய குரு எவருமிலர். (கோவை என்று நம்மவர் அந்நாளில் வழங்கியது கோவாவையே, கொங்கு நாட்டுக் கோயம்புத்தூரை அன்று.)

குரு போனதும் ஏழும் ஒருசேரப் போய்விடவில்லை. இதுவே கவனிக்கத்தக்கது. ஆபத்து வேளையில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய போதனை. தண்ணீரும் உரிய வார்த்தைகளும் நல்லெண்ணமும் போதும். மெய்விவாகத்தை நிறைவேற்றுவோர் மணமக்களே. குரு அதற்குத் திருச்சபையின் சாட்சி. ஆகவே இவ்விரண்டும் ஊரின் கைக்கு எட்டின. நற்கருணையும் பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப்பூசுதலும் குருவின்றி ஆகா. உறுதிபூசுதலும் குருத்துவமும் ஆயரைச் சார்ந்தவை. கொச்சி மறைமாவட்டத்தின் கீழிருந்த இலங்கைக்கு ஆயர் என்றும் கடலுக்கு அப்பாலேயே இருந்தார்.

கைக்கெட்டிய இரண்டிலும் ஒல்லாந்தர் குறுக்கிட்டனர். ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பில் பதியப்பட வேண்டும். பதிவில்லையேல் பிள்ளைக்கு முதுசொத்தில் உரிமை கேட்பதும் கடினம், விவாகம் சட்டப்படி விவாகமும் அன்று. எனவே கத்தோலிக்கர் பலரும், பின்னர் சைவரும் கூட, ஒல்லாந்தப் போதகரிடம் பிள்ளையைக் கொண்டு சென்றனர். இதனைக் கோழைத்தனம் என்று எழுதியோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. காணித்துண்டு ஒன்றை மட்டுமே நம்பி வாழும் குடியானவன் வேறென்ன செய்வான்? மேலும், பிரிந்த சபையினர் முறைப்படி கொடுக்கும் ஞானஸ்நானமும் செல்லும் என்பதைத் திரெந்துப் பொதுச்சங்கம் 1547 இலேயே உறுதிப்படுத்தியிருந்தது. கத்தோலிக்க மறையை அழிப்பதற்கென அமைந்த பள்ளிக்கூடத்தில் பெற்ற ஞானஸ்நானமும் கத்தோலிக்கப் போதனைப்படி ஞானஸ்நானமாகவே நின்றது. இதனை அந்தப் போதகர்கள் விரும்பியிருக்க மாட்டார்கள்.

எட்டாதவற்றுக்கு மக்கள் காத்திருந்தனர். சாவுப்படுக்கையில் கிடப்பவனுக்குப் பூச எண்ணெயும் இல்லை, பாவமன்னிப்பு அளிக்கக் குருவும் இல்லை. அருகிலிருப்போர் உத்தம மனஸ்தாப மந்திரத்தை அவன் காதருகே சொல்லிக் கொடுப்பதே செய்யக்கூடியதாக இருந்தது. செபம் சொல்லவும் பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிக்கவும் ஊரில் ஒருவர் வேண்டியிருந்தார். மூப்பர், அண்ணாவியார் ஆகிய பொறுப்புகள் வடபுலப் பங்குகளில் ஆழ வேரூன்றியமைக்கு இக்காலம் முக்கிய காரணம் எனலாம்.

யோசேவாஸ் அடிகளார் கூலியாளின் உடையில், கழுத்தில் செபமாலையுடன் வந்தார். வீடு வீடாக யாசிக்கையில் அம்மாலையை எவர் இனங்கண்டு கொள்கின்றனர் என்று பார்த்தார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் அளித்தது. இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்பார். விடியுமுன் பூசை முடிந்துவிடும். முதற் பாவசங்கீர்த்தனத்துக்கு முப்பது ஆண்டுகள் காத்திருந்த கிழவர்களை எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் எதனை முதலில் சொல்லியிருப்பர்?

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்டோருள், சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறிய தொன் பேதுரு அடிபட்டு உயிர்நீத்தார். வேறு சிலர் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியம் சென்று, அங்கேயே 1711 இல் மறைந்தார். 2015 ஜனவரி 14 இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கத்தோலிக்கருக்கு எதிரான சட்டத்தடைகள் பிரித்தானியர் ஆட்சியில் 1806 இல் நீக்கப்பட்டன. தோம்புகள் சுவடிக்கூடத்துக்குப் போயின. ஆனால் ஏட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடவில்லை. போர்க்காலத்தில் வன்னிக்கும் மன்னாருக்கும் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில் அதனைக் கண்டேன். வீட்டோடு பிறப்புச் சான்றிதழையும் இழந்த தாய்மார் பங்குமனை வாசலில் வரிசையாக நிற்பர். குருவானவர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி, பிள்ளையின் பெயரையும் பிறந்த திகதியையும் ஒரு தாளில் எழுதி முத்திரையிட்டுக் கொடுப்பார். ஏட்டில் பெயர் அகப்படும்வரை அந்தத் தாய் மேசை விளிம்பைப் பற்றியபடி நிற்பாள்.