முஸ்தபாவை விட்டார்கள், அகுமாவைத் தடுத்தார்கள்... ஏன்?

தாமிரபரணிக் கரையோரக் கிராமங்களில் ஆடு புலி ஆட்டத்துக்குப் பெரிய செலவு கிடையாது. கோயில் மண்டபத்துத் தரையிலோ வீட்டுத் திண்ணையிலோ கரிக்கட்டியால் கோடு கிழித்தால் பலகை தயார். புலிக்கு 3 கூழாங்கற்கள், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டைகள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை. புலியை நகர விடாமல் சுற்றி அடைப்பது ஒன்றுதான் அதன் வேலை. 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை இறக்கிய ஆட்டை நகர்த்தவும் கூடாது.

தனியாகப் பார்த்தால் புலியும் ஆடும் சமமே இல்லை. ஆனாலும் ஆட்டம் நடக்கிறது, இரண்டு பக்கமும் ஜெயிக்கிறார்கள். நேபாளத்தில் இதற்கு உறவான ஆட்டம் ஒன்று உண்டு. பெயர் பாக் சால். அதில் 4 புலி, 20 ஆடு. கணக்கைக் கவனித்தீர்களா? இங்கும் அங்கும் ஒரு புலிக்கு ஐந்து ஆடு! அந்த நேபாள ஆட்டத்தைக் கணினியில் ஆராய்ந்த லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் இருவரும், இரண்டு பேரும் தப்பே செய்யாமல் ஆடினால் அது டிராவில்தான் முடியும் என்று நிரூபித்தார்கள். கணினி இல்லாத காலத்திலேயே யாரோ ஆடி ஆடிப் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு அது.

அந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும்? புலி கொஞ்சம் அதிகமாகவே பலசாலியாகிவிட்டால்? இதற்கு நல்ல உதாரணங்கள் 1990களின் வீடியோ கேம் வரலாற்றில் கிடைக்கின்றன.

முஸ்தபா கேம்

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993ல் "கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்" என்றொரு ஆர்கேட் கேமை வெளியிட்டது. இந்தப் பெயரைச் சொன்னால் நம் ஊரில் பலருக்கும் விளங்காது. "முஸ்தபா கேம்" என்று சொன்னால் உடனே முகம் மலரும். கேம் கடைகளிலும், பின்னாளில் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்களிலும் ஒரு தலைமுறையே ஆடிய ஆட்டம் இது.

ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று நான்கு பேர் அதில் உண்டு. இருந்தும் மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபாவின் பெயரே கேமுக்குப் பெயராகிவிட்டது. காரணம் அவனுடைய வேகமும், ஓடிவந்து விடும் அந்த உதையும். நால்வரும் சமமில்லை என்பது ஆடிய எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் புகார் சொன்னதில்லை. ஏன்?

அந்த ஆட்டத்தில் எதிரி மெஷின்தான். பக்கத்தில் நிற்பவன் நம் கட்சி. அவன் முஸ்தபாவை எடுத்தால் நமக்கும் லாபம், போட்ட காசு கொஞ்ச நேரம் கூடத் தாங்கும். நஷ்டம் என்று பார்த்தால் கடைக்காரருக்கு மட்டும்தான்!

எதிரில் மனிதன் உட்கார்ந்தபோது

இதே கேப்காம் அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1991ல், "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" கேமை வெளியிட்டிருந்தது. அதில் இருவர் நேருக்கு நேர் மோதலாம். ஜெயித்தவர் அதே காசில் தொடர்ந்து ஆடலாம். தோற்றவர் எழுந்திருக்க வேண்டும், அல்லது இன்னொரு காசு போட வேண்டும். இங்கே கேரக்டர் பலம் என்பது அடுத்தவன் பாக்கெட் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது.

எட்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்கச் சிப்பாயான கைல் சீக்கிரமே பெயரெடுத்தான். குனிந்து உட்கார்ந்தபடி "சோனிக் பூம்" வீசுவான். அதைத் தாண்டிக் குதித்து வந்தால் காலால் சுழற்றி அடிப்பான். அவனுக்கு அடுத்த இடத்தைப் பலரும் கொடுப்பது நம் நாட்டு யோகியாகக் காட்டப்பட்ட தல்சிமுக்கு. புதிதாக ஆடுபவர் கையில் அவன் வெறும் மெதுவான ஆள். பழகியவர் கையில் கிடைத்தால், நீளும் கை கால்களை வைத்து எதிரியைக் கிட்டவே நெருங்க விட மாட்டான். முதல் பதிப்பில் இருவரும் ஒரே கேரக்டரை எடுக்க முடியாது. அதாவது நல்ல ஆளை முதலில் பிடித்தவருக்கே அவன் சொந்தம்.

கேப்காம் 1992ல் "சாம்பியன் எடிஷன்" கொண்டுவந்து இந்தக் குறையைச் சரிசெய்தது. இனி இருவரும் ஒரே கேரக்டரை எடுக்கலாம். ஆனால் அதிலேயே இன்னொரு தலைவலியும் வந்தது. அதுவரை மெஷின் மட்டுமே ஆட்டிய நான்கு பாஸ்களையும் ஆட்டக்காரர் கையில் கொடுத்தார்கள். அவர்களில் எம். பைசன் அநியாயத்துக்குப் பலசாலி. அவனுடைய அடியைத் தடுத்தாலும் உயிர் கொஞ்சம் கரையும். ஒரு புலியைச் சரிக்கட்டப் போய் இன்னொரு புலியை அவிழ்த்துவிட்ட கதைதான்!

இதற்கிடையில் "ரெயின்போ எடிஷன்" போன்ற திருட்டுப் பதிப்புகளும் பரவின. அவற்றில் நடுவானத்தில் பறந்தபடியே நெருப்புப் பந்துகளை வீசலாம், சண்டையின் நடுவிலேயே ஆளையும் மாற்றிக்கொள்ளலாம். எல்லோருமே புலியாகிவிட்ட ஆட்டம் அது. கொஞ்ச நாள் வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான். கேப்காமும் அதே 1992ன் கடைசியில் வேகம் கூட்டிய "ஹைப்பர் ஃபைட்டிங்" பதிப்பை வெளியிட்டது.

அகுமா

அமெரிக்காவின் ஒரு வீடியோ கேம் பத்திரிகை 1992 ஏப்ரலில் ஒரு புரளியைக் கிளப்பியது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் "ஷெங் லாங்" என்றொரு ரகசிய ஆள் ஒளிந்திருக்கிறான் என்றது. ஏப்ரல் ஃபூல்! அதை நம்பிக் காசைக் கரைத்தவர்கள் ஏராளம். அந்தப் புரளிக்கு உயிர் வந்தது போல, 1994ல் வந்த "சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ"வில் நிஜமாகவே ஒரு ரகசிய ஆள் இருந்தான். அவன்தான் அகுமா. ஜப்பானில் அவன் பெயர் கோகி.

குறிப்பிட்ட முறையில் பட்டன்களை இயக்கினால் அவனைத் தேர்ந்தெடுக்கலாம். குதித்தபடியே கீழ்நோக்கி நெருப்புப் பந்து வீசுவான். பெரும்பாலான கேரக்டர்களிடம் அதற்குப் பதிலே கிடையாது. போட்டி நடத்தியவர்கள் அவனைத் தடை செய்தார்கள். கேப்காம் கொடுத்த ஒரு கேரக்டரை, காசு போட்டு ஆடியவர்கள் "வேண்டாம்" என்று ஒதுக்கினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆட்டத்தில் பழைய பதிப்பின் சகத்தையும் எடுக்க முடியும். அவனும் மிகப் பலசாலி. ஜப்பானியத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அவனைப் பெரும்பாலும் தொடுவதில்லை. சட்டம் எதுவும் இல்லை, அவர்களுக்குள் ஒரு மரியாதை, அவ்வளவே.

பின்னர் 2008ல் இதே கேமின் மறுபதிப்பு வந்தது. கேரக்டர்களின் பலத்தைச் சரிசெய்யும் பொறுப்பை டேவிட் சிர்லின் ஏற்றார். அவரே போட்டிகளில் ஆடியவர். அகுமாவைப் போட்டிக்கு ஏற்றவனாக்க முயன்று அவன் பலத்தைக் குறைத்தார். அப்படியும் அவன் அடங்கவில்லை. மறுபதிப்பிலும் தடைதான்!

தடை செய்யாமல் விட்டால்?

பலசாலிகளை எல்லாம் எப்போதும் தடை செய்தார்களா என்றால் இல்லை. 2000ல் வந்த "மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2"வில் 56 கேரக்டர்கள். போட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தவர்கள் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்ற நால்வர். மற்ற பலர் வெறும் படத்துக்குத்தான். இருந்தும் அமெரிக்காவின் பெரிய போட்டியான ஈவோவில் அது 2010 வரை ஆடப்பட்டது. பலசாலி ஒருவன் என்றால் ஆட்டம் முடிந்தது. நால்வர் என்றால் அவர்களுக்குள் ஒரு ஆட்டம் பிறந்துவிடுகிறது.

இப்போது வழி சுலபம். "டெக்கன் 7"ல் லீராய் என்ற கேரக்டர் 2019 டிசம்பரில் சேர்ந்தான். அடுத்த மாதமே, ஜப்பானில் நடந்த ஈவோ போட்டியில் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் அவனைத்தான் ஆடினார்கள். கோப்பையும் அவனுக்கே. அதன் பிறகு இணையம் வழியாக அவன் பலம் குறைக்கப்பட்டது. 1994ல் இந்த வசதி கிடையாது. கடையில் நிற்கும் மெஷினின் போர்டில் என்ன எழுதியிருந்ததோ அதுதான் கடைசிவரை. ஆகவே சரிசெய்யும் வேலை ஆட்டக்காரர்கள் தலையில் விழுந்தது.

முடிவாக...

அகுமாவைத் தடுத்தவர்கள் தோல்விக்குப் பயந்தவர்கள் என்று கேலி பேசியவர்களும் உண்டு. ஆனால் கொஞ்சம் யோசித்தால் அவர்கள் காப்பாற்றியது ஆட்டத்தைத்தான். ஆர்கேட் கேம் ஓடுவது ஜெயித்தவர் காசில் அல்ல. தோற்றவர் போடும் அடுத்த காசில்தான் ஓடுகிறது. "இன்னொரு தடவை ஆடினால் ஜெயிக்கலாம்" என்ற நம்பிக்கை இருக்கும்வரை அவர் காசு போடுவார். அது போய்விட்டால், ஜெயித்தவர் மெஷினோடு தனியாக ஆட வேண்டியதுதான்.

திண்ணையில் இதற்குச் சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். ஒரு ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறிக்கொள்வது. இப்போது புலி ஆடியவர் அடுத்து ஆடு ஆட வேண்டும். புலி எவ்வளவு பலசாலி என்று அப்போதுதான் அவருக்கே தெரியும்.