1990 அம்புலன்சும் சத்யத்தின் கணக்கும்

1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும் என்பது எங்களுக்குப் பழகிப்போன விசயம். 'சுவ செரிய' எனும் அந்தச் சேவை 2016இல் இந்திய நன்கொடையோடு தொடங்கியது. ஆரம்பத்தில் அதை நடத்தியது ஜீ.வீ.கே. ஈ.எம்.ஆர்.ஐ. என்ற இந்திய நிறுவனம். அதன் வேரைத் தேடிப்போனால் ஹைதராபாத்தில் ராமலிங்க ராஜு என்பவரிடம் போய் நிற்கிறோம்.

ராஜு, சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர். 2005இல் ஆந்திராவில் 108 அம்புலன்ஸ் சேவையைத் தொடக்கியவரும் அவர்தான். கறாராப் பார்த்தால் அது குடும்பக் கொடை. ஆனா அந்த நல்ல பெயரில் சத்யத்துக்கும் பங்கு கிடைத்தது. கூட்டாண்மை சமூகப் பொறுப்பு எண்டு நாங்கள் சொல்வது இப்படியான வேலைகளைத்தான்.

2008 செப்டெம்பரில், சிறந்த கூட்டாண்மை ஆளுகைக்கான 'கோல்டன் பீகொக்' விருதும் சத்யத்துக்குக் கிடைத்தது. அதே டிசெம்பரில், ராஜு குடும்பத்தின் இரண்டு 'மேய்டாஸ்' கம்பனிகளை 160 கோடி டொலருக்கு வாங்கப் பணிப்பாளர் சபை சம்மதித்தது. ஹாவார்ட் பேராசிரியர் ஒருவர்கூட அந்தச் சபையில் இருந்தார். பங்குதாரர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்திலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

2009 ஜனவரி 7ஆந் திகதி ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை! விருது திரும்பப் பெறப்பட்டது. 2015இல் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 7 வருடச் சிறை விதித்தது. வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனது.

அப்ப அந்த அம்புலன்ஸ் பொய்யா? இல்லை. அது உயிர்களைக் காப்பாற்றியது, இப்பவும் காப்பாற்றுது. சமூகப் பொறுப்பு கேட்பது, வெளியில இருக்கிற சனத்துக்குக் கம்பனி என்ன செய்தது என்று. ஆளுகை கேட்பது, அந்தக் காசு உண்மையில இருக்குதா, தலைவரை மறித்து 'இல்லை' சொல்ல உள்ளுக்குள்ள யார் இருக்கினம் என்று. முதல் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருந்தவர்கள் இரண்டாவதில் விழுந்தார்கள்.

இந்தியாவின் 2013 கம்பனிகள் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே எழுதியது. பெரிய கம்பனிகள் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகளின் சபையில் மூன்றில் ஒரு பங்கினர் சுயாதீனப் பணிப்பாளர்களாக இருக்க வேண்டும்.

எங்களில் பலர் நாளைக்கு கம்பனி வேலைக்குப் போவோம். எங்கட சேமலாப நிதியைக் கட்டப்போறதும் அவங்கதான். ஆண்டறிக்கையில் மரம் நடுகிற படங்களைப் பார்த்த கையோடு, கணக்காய்வாளரின் பக்கத்தையும் ஒருக்காப் புரட்டிப் பார்ப்போம்.