கண்டமங்கலத்தில் மாட்டு, திருபுவனையில் கழட்டு

என் தாய்மாமாவுக்கு ஒன்பது வருஷமாக ஒரே வேலை, ஒரே வழி. நெல்லித்தோப்பில் கிளம்புவார். இந்திரா காந்தி சிலையைச் சுற்றிக்கொண்டு வில்லியனூர், அரியூர், கண்டமங்கலம் தாண்டி, திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. போக இருபது கிலோமீட்டர் சொச்சம், வர அதே. ஹெல்மெட் வைத்திருந்தார், நல்ல ஹெல்மெட். ஆனால் அது பெரும்பாலும் கண்ணாடிக் கம்பியில்தான் தொங்கும். அரியூர் முடிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டித் தலையில் மாட்டுவார். ஏனென்றால் அடுத்து வருகிற கண்டமங்கலம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அங்கே பிடிப்பார்கள். அதைத் தாண்டினால் திருபுவனை, மறுபடியும் பாண்டி. கழட்டித் திரும்பத் தொங்கவிட்டுவிடுவார்.

ஒருமுறை பின்னால் உட்கார்ந்து போனபோது கேட்டேன். "ஏன் மாமா, அப்படியே போட்டுக்கிட்டே போலாமில்ல?"

"பாண்டில எதுக்குடா மாப்ள? வேர்க்குது."

பாண்டியில் வேர்க்கும், கண்டமங்கலத்தில் வேர்க்காதா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் பட்டிருக்கும்.

*

இந்த மாட்டல் கழட்டலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது ஹெல்மெட் என்ற பொருள் உருவாவதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பிக்கிறது.

புதுச்சேரி வட்டாரத்தின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். மொத்தம் சுமார் 290 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே துண்டாக இல்லை. கீழே விழுந்து உடைந்த தட்டைப் பொறுக்கி வைத்த மாதிரி சில்லு சில்லாக, நடுநடுவே தமிழ்நாடு. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், டூப்ளே காலத்து வாரிசுச் சண்டைகளில் பக்கம் சேர்ந்ததற்குக் கூலியாக வில்லியனூர், பாகூர் பகுதிகள் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தன. பிறகு இங்கிலாந்தும் பிரான்சும் எங்கேயோ ஐரோப்பாவில் அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இங்கே ஊர் கைமாறியது. 1761-ல் ஆங்கிலேயர்கள் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள், 1763 உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறமும் பிடிப்பதும் கொடுப்பதுமாக ஓடி, 1814 பாரிஸ் உடன்படிக்கையின்படி 1816-ல் கடைசியாக ஒப்படைத்தார்கள். எந்தக் கிராமம் யாருடையது என்பதை வரிக்கணக்கும் ஒப்பந்தமும்தான் முடிவு செய்தன. அந்தக் கிராமத்துக்குப் போகும் பாதை யாருடையது என்று யாரும் கவலைப்படவில்லை. மாட்டு வண்டிக்கு அது ஒரு பிரச்சினையாகவும் இல்லை.

பாதை எப்போதும் வரைபடத்தைவிட நேராகத்தான் போகும். 1879-ல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் வந்தபோது அது ஒரு சாம்ராஜ்யத்திலிருந்து இன்னொரு சாம்ராஜ்யத்துக்குப் போகும் ரயில். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் எல்லாம் முடிந்தது. சுங்கச் சாவடி போயிற்று. எல்லை போகவில்லை. ஒன்றியப் பிரதேசம், மாநிலம் என்ற பெயரில் அதே இடத்தில் அதே வளைவு நெளிவோடு நிற்கிறது.

இதன் பலன் என்ன? வடக்கே காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவன் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி பாண்டிக்குள் வருகிறான். தெற்கே முள்ளோடை தாண்டினால் ரெட்டிச்சாவடி, தமிழ்நாடு. மேற்கே மாமாவின் கண்டமங்கலம். ஒரே தார், ஒரே வெயில், ஒரே லாரி. ஆனால் சாராயத்துக்கு ஒரு விலை அந்தப் பக்கம், ஒரு விலை இந்தப் பக்கம். பெட்ரோலுக்கும் அப்படித்தான். நாங்கள் பிறந்ததிலிருந்து கோட்டைத் தாண்டினால் கணக்கு மாறும் என்று பழகியவர்கள். ஆகவே தலைக்கும் அந்தக் கணக்கையே போட்டோம்.

*

ஹெல்மெட்டின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1935 மே மாதம் இங்கிலாந்தில் டி. இ. லாரன்ஸ், அதாவது 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்துபோனார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற இளம் மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அந்த மனிதருக்கு அது மனதிலேயே நின்றுவிட்டது. யுத்தம் வந்தது. ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் எதிரியின் குண்டு இல்லாமலே செத்துக்கொண்டிருந்தார்கள். கெய்ர்ன்ஸ் அந்தச் சாவுகளைக் கணக்கெடுத்து 1941-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையாக எழுதினார். அந்த ஆண்டு நவம்பரிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு பிரிட்டனில் அது சட்டமானது 1973-ல்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மண்டை பற்றிய விஷயம் மண்டையில் ஏற எல்லா ஊரிலும் நேரமாகத்தான் செய்கிறது.

அதன் வேலை எளிமையானது. தலை தரையில் மோதி நிற்க ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்குதான் ஆகும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான நுரை நசுங்கி அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது. மண்டைக்குள் மூளை போய் இடிக்கும் வேகம் குறைகிறது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறார்கள். பட்டையை மாட்டினால்தான் இதெல்லாம். மாட்டாவிட்டால் தலைக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துவிடும்.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்றது. தலைப்பாகை கட்டும் சீக்கியர்களுக்கு விலக்கு தந்தது. அதே ஆண்டில்தான் ஆந்திரப் பிரதேச விதியை எதிர்த்து, ஹெல்மெட் என் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று ஒருவர் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக சட்டம் பாண்டிக்கும் அன்றிலிருந்தே இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் இருப்பது வேறு, ரோட்டில் இருப்பது வேறு. தமிழ்நாட்டிலும் 2007 ஜூனில் கட்டாயம் என்று அறிவித்து, சில நாளிலேயே தளர்த்தினார்கள். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த உத்தரவு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தப் பக்கம் சூடு பிடித்தது. அன்றைக்குத்தான் மாமாவும் ஹெல்மெட் வாங்கினார், கண்டமங்கலத்துக்காக.

*

இப்போது நெல்லித்தோப்புக்கு வருகிறேன்.

2016 நவம்பரில் எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல். முதல்வராகப் பதவியேற்றிருந்த வி. நாராயணசாமி சட்டமன்ற உறுப்பினராக வேண்டியிருந்தது. 11,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் எங்கள் ஊர் அவரை ஜெயிக்க வைத்தது. முதலமைச்சரே நம்ம எம்எல்ஏ என்பதில் தெருவுக்கே ஒரு மிதப்பு. அதே ஆண்டு மே மாதம் துணைநிலை ஆளுநராக கிரண் பேடி வந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஆகவில்லை. கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பதுதான் அந்த ஐந்து வருஷத்துப் புதுச்சேரி அரசியல்.

2017 மே மாதம் ஒருமுறை ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் அடங்கியது. 2019 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மறுபடி வந்தது. இந்த முறை ஆளுநரே தெருவில் இறங்கி, ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டார். விழிப்புணர்வு முதலில், அபராதம் அப்புறம், படிப்படியாகச் செய்யலாம் என்றார் முதல்வர். சட்டமன்றத்துக்கு முன்னால் எம்எல்ஏக்கள் ஹெல்மெட்டைப் போட்டு உடைத்தார்கள். 13-ஆம் தேதி கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டியோடு முதல்வரும் அமைச்சர்களும் ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவுக்கு உட்கார்ந்தார்கள். இலவச அரிசி உட்பட 39 கோரிக்கைகள், கூடவே ஹெல்மெட். ராத்திரி ரோட்டிலேயே படுத்தார்கள். 18-ஆம் தேதி இரவு பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் எழுந்தார்கள்.

ஹெல்மெட் உடைவதை நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை டிவியில் பார்த்தேன். கைதட்டினேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு அது எனக்கு மண்டை சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியவில்லை. ஓட்டுப் போட்டு நாங்கள் அனுப்பியவரைக் கேட்காமல், டெல்லியிலிருந்து வந்தவர் எங்களை ரோட்டில் நிறுத்துகிறார் என்றுதான் தெரிந்தது. அந்தக் கோபம் முழுக்கப் பொய்யும் இல்லை. ஆளுநர் அன்றாட நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்று 2019 ஏப்ரல் 30-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. சட்டம் படித்தவர்களுக்கே அவ்வளவு எளிதில் பிடிபடாத கேள்வி அது.

ஆனால் கேள்வி வேறாக இருந்தாலும் உடைபட்டது ஹெல்மெட்.

*

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஞாபகம் வருகிறார். 1873-ல் புதுச்சேரி நீதிமன்றத்துக்கு ஐரோப்பிய பாணி பூட்ஸ் போட்டு வந்த தமிழ் வழக்கறிஞர். இந்தியன் இப்படி வரக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். பிள்ளை விடவில்லை. பாரிஸ் வரை போய் ஜெயித்தார். காலில் என்ன போடுவது என்பதற்காகக் கடல் தாண்டி வழக்காடிய ஊர் எங்களுடையது. தெருவில் யார் எதில் போகலாம், எதைப் போட்டுக்கொண்டு போகலாம் என்பதெல்லாம் இங்கே மரியாதைக் கணக்கு. முன்னால் துரை உட்கார்ந்து திருப்ப, பின்னால் ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடிய 'புஸ்புஸ்' வண்டி ஓடிய தெருக்கள் இவை.

ஆகவே மேலிருந்து ஒருவர் 'போடு' என்றால் 'மாட்டேன்' என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பதில் என்று பெருமைப்படலாம். நானும் பட்டிருக்கிறேன். இப்போது அந்த ஒப்பீடு உதைக்கிறது. பிள்ளை பூட்ஸைப் போட்டதால் அவருக்கு ஒரு உரிமை கிடைத்தது, அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் கிடைத்தது. ஹெல்மெட்டை உடைத்ததால் எங்களுக்கு என்ன கிடைத்தது? அதே ஆண்டு அக்டோபரில் காமராஜ் நகர் இடைத்தேர்தல் பிரச்சாரத்தில் முதல்வர் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டிய படத்தை ஆளுநர் ட்விட்டரில் போட்டார். ஆளுநர் ஹெல்மெட் இல்லாமல் பின்னால் உட்கார்ந்து போன பழைய படத்தை முதல்வர் பதிலுக்குப் போட்டார். ஊரே சிரித்தது. கிடைத்தது அந்தச் சிரிப்புதான்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் ஹெல்மெட் இல்லாததால் நாட்டில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

*

தர்ணா முடிந்து ஒரு மாதம் இருக்கும். இரவு ஷிப்ட் முடித்து மாமா திரும்பிக்கொண்டிருந்தார். கண்டமங்கலம் தாண்டி அரியூர் வந்ததும் வழக்கம்போல நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழட்டிக் கண்ணாடிக் கம்பியில் மாட்டியிருக்கிறார். அரை கிலோமீட்டர்கூட வரவில்லை, நாய் குறுக்கே வந்தது. வேகமும் பெரிசாக இல்லை. நாங்கள் போனபோது வண்டி கிடந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஹெல்மெட் கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். பதினொரு நாளில் வீட்டுக்கு வந்தார். பேச்சு வந்தது, நடை வந்தது, மறுபடி வேலைக்கும் போனார். வாசனை மட்டும் வரவில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் சல்லடை மாதிரியான ஒரு மெல்லிய எலும்பு வழியாகப் போகின்றன, தலை அதிர்ந்தால் அவை அறுந்துவிடலாம், பல பேருக்குத் திரும்ப வராது என்று மருத்துவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கி மோந்து பார்த்து வாங்குகிற மனுஷன். இப்போது என்னைக் கூட்டிப்போய், "மோந்து சொல்லுடா மாப்ள" என்பார். நான் மோந்து சொல்வேன். ஒருநாள் வீட்டில் கேஸ் கசிந்துகொண்டிருக்க, அவர் பாட்டுக்கு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை அன்றிலிருந்து அவரைத் தனியாக வீட்டில் விடுவதில்லை.

2025 ஜனவரி 12 முதல் புதுச்சேரியில் ஹெல்மெட் மறுபடி கட்டாயம், அபராதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இந்த முறை யாரும் எதையும் உடைக்கவில்லை. அக்டோபரில் இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை மேம்பாலத்துக்கு அடிக்கலும் நாட்டினார்கள். நல்லதுதான். பாலம் வந்தால் நெல்லித்தோப்பு சிக்னலில் கூட்டம் குறையலாம். ஆனால் வில்லியனூர் ரோட்டில் இன்றைக்கும் காலையில் நின்று பாருங்கள். கண்ணாடிக் கம்பியில் தொங்கும் ஹெல்மெட்டுகளை எண்ணிக்கொண்டே இருக்கலாம். கோடு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் மாமா வண்டியில் பின்னால் போனேன். கிளம்பும்போதே தெருவில் வைத்து எனக்கும் ஒன்றை நீட்டினார். "இங்கேர்ந்தேவா மாமா?" என்றேன். பதில் சொல்லவில்லை. என் தாடைக்குக் கீழே கையை விட்டுப் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். கண்டமங்கலம் வந்தது, போனது. நிறுத்தவே இல்லை.